மேஜையும் நாற்காலியும் பேசும் பேச்சு

(சங்கத்தின் புனே கிளை மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன வாரம் போனில் கூப்பிட்டு, "அரை மணி நேரம் ஏதாவது பேசுங்கோ" என்றார். எதைப் பற்றி என்று கேட்டேன். "அரசியல் வேண்டாம், உடம்பு வியாதி வேண்டாம்" என்றார். இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் எழுபதைத் தாண்டியவனிடம் பேச என்ன மிச்சம் இருக்கும்? யோசித்துப் பார்த்துவிட்டு, மேஜை நாற்காலியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "சரி மாமா" என்று போனை வைத்துவிட்டார்.

நம் வீட்டுக் கல்யாணங்களை நினைத்துப் பாருங்கள். சம்பந்திகளுக்கு ஜமக்காளம் விரித்தார்களா, வெறும் பாய் விரித்தார்களா, முதல் காபி யாருக்குப் போயிற்று, முதல் பந்தியில் பிள்ளையின் மாமாவுக்கு எந்த வரிசையில் இலை போட்டார்கள் என்பதையெல்லாம் வைத்துப் பேச்சுவார்த்தையே நின்றுபோன இரண்டு சம்பந்தி வீடுகளை நான் அறிவேன். ஒரு வீட்டில் பேச்சு வார்த்தை மறுபடி ஆரம்பிக்கப் பேரன் பிறக்க வேண்டியிருந்தது. நாம் இதை அற்ப விஷயம் என்று சிரிக்கிறோம். தேசங்களும் இதையேதான் செய்கின்றன, பல சமயம் இதைவிட மோசமாக.

1968-69ல் நான் திருச்சியில் பி.எஸ்ஸி. பௌதிகம் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டல் வாசகசாலையில் பேப்பர் வந்ததும் முதலில் கிரிக்கெட், அப்புறம்தான் உலகம். அந்தக் குளிர்காலத்தில் உலகச் செய்திப் பக்கத்தில் ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. வியட்நாம் யுத்தத்தை நிறுத்தப் பாரிஸில் கூடியவர்கள், உட்காரப் போகும் மேஜை சதுரமா வட்டமா என்று பத்து வாரம் சண்டை போட்டார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரு தச்சனை அனுப்பினால் அரை நாளில் முடித்துவிடுவானே என்றான் என் அறைத் தோழன்.

அந்தச் சண்டையின் விவரம் எனக்குப் புரிந்தது பல வருஷம் கழித்துத்தான். வட வியட்நாம், தெற்கே சைகோன் அரசாங்கம், அமெரிக்கா ஆகிய மூவரோடு, சைகோனை எதிர்த்துத் தெற்கிலேயே போராடிக்கொண்டிருந்த தேசிய விடுதலை முன்னணி நாலாவது தரப்பு. வட வியட்நாம் முதலில் கேட்டது சதுர மேஜை. நாலு பக்கம், பக்கத்துக்கு ஒரு தரப்பு. அப்படி உட்கார்ந்துவிட்டால் விடுதலை முன்னணியும் ஒரு தனித் தரப்பு என்று ஆகிவிடுகிறது. சைகோன் அரசாங்கத்துக்கு அது விஷம். "அவர்கள் வடக்கின் கையாட்கள், எங்களுக்குச் சமமாக ஒரு பக்கம் முழுதாக அவர்களுக்கா?" என்பது அவர்கள் வாதம். எதிரும் புதிருமாக இரண்டே பக்கம்தான் வேண்டும் என்றார்கள். யுத்தமே அந்த ஒரு கேள்விக்காகத்தான் நடந்தது, தென் வியட்நாமுக்காகப் பேச உரிமை யாருக்கு என்று. சதுர மேஜைக்குச் சம்மதித்தால் பேச்சு ஆரம்பிக்கும் முன்பே பதில் சொன்னதாக ஆகிவிடும்.

1969 ஜனவரி 16ந் தேதி வழி பிறந்தது. ஒரு பெரிய வட்ட மேஜை. கொடி கிடையாது, பெயர்ப் பலகை கிடையாது. வட்டத்துக்கு வெளியே, ஒன்றுக்கொன்று நேர் எதிராக, காரியதரிசிகளுக்காக இரண்டு சிறிய நீள்சதுர மேஜைகள், வட்டத்தைத் தொடாமல் 45 சென்டிமீட்டர் தள்ளி. விஞ்ஞானம் படித்தவன் என்பதால் இந்த ஏற்பாட்டை நான் மிகவும் ரசித்தேன். வட்டத்துக்கு மூலை கிடையாது, பக்கமும் கிடையாது. அதில் யார் வேண்டுமானாலும் தம் இஷ்டத்துக்கு ஒரு விட்டம் கிழித்துக்கொள்ளலாம். இரண்டு பக்கம் என்று நினைப்பவர்கள் அந்தச் சிறிய மேஜைகளைச் சேர்த்து மனசுக்குள் கோடு போட்டுக்கொண்டார்கள். நாலு தரப்பு என்று நினைப்பவர்கள் கோடே போடவில்லை. இருவரும் ஊருக்குப் போய் "நாங்கள் ஜெயித்தோம்" என்று சொல்லிக்கொள்ள இடம் இருந்தது.

ஆனால் சிரித்ததும் முழுத் தவறில்லை என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது. 1968ஆம் வருஷத்தில் மட்டும் அந்த யுத்தத்தில் 16,000க்கு மேல் அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள், வாரத்துக்கு முந்நூறு பேருக்கு மேல். வியட்நாமியர்கள் செத்தது அதைப்போல் பல மடங்கு. மேஜைக்காகப் போன பத்து வாரத்தை அந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. மரியாதை முக்கியம் என்று சொல்கிறவன் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாலு வருஷம் கழித்து 1973 ஜனவரி 27ல் அதே கட்டடத்தில் உடன்படிக்கை கையெழுத்தானபோதும் இந்தச் சிக்கல் தீரவில்லை. நாலு தரப்பும் சேர்ந்து கையெழுத்திட்ட பிரதியில், சைகோனும் அமெரிக்காவும் ஒரு தாளில், எதிர்த்தரப்பு இருவரும் வேறு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். மேஜை போய்க் காகிதம் வந்தது. அந்த மஜெஸ்டிக் ஹோட்டல் கட்டடம் 2014லிருந்து மறுபடியும் ஆடம்பர ஹோட்டலாக நடக்கிறது.

எனக்கு இது புரிந்த கதையைச் சொல்கிறேன். 1980களின் ஆரம்பம். டில்லியில் மத்திய அரசின் ஒரு இலாகாவில் நான் கீழ்நிலை அதிகாரி. அண்டை நாடு ஒன்றிலிருந்து ஐந்து பேர் தொழில்நுட்பப் பேச்சுக்கு வந்தார்கள். அளவுகளை எப்படி எடுப்பது, எப்படிப் பரிமாறிக்கொள்வது என்பது மாதிரியான வறட்டு விஷயம். கூட்ட அறையைத் தயார் செய்யும் பொறுப்பு என்னுடையது. காகிதம், பென்சில், தண்ணீர் டம்ளர், கொடி எல்லாம் நானே சரிபார்த்தேன். கொடி தலைகீழாக இல்லையே என்று இரண்டு தடவை பார்த்தேன்.

வந்தவர்கள் உள்ளே வந்து கைகுலுக்கினார்கள். எங்கள் பக்கம் எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. அவர்கள் தலைவர் மட்டும் உட்காரவில்லை. ஜன்னல் அருகே போய்த் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நிற்பதால் மற்ற நால்வரும் நின்றார்கள். ரோஜாவைப் பற்றி விசாரித்தார். டில்லி வெயிலைப் பற்றிப் பேசினார். பத்து நிமிஷம் ஆயிற்று. எங்கள் மேலதிகாரி என்னைப் பார்க்கிறார், நான் தரையைப் பார்க்கிறேன்.

வாசலில் நின்ற வயதான பியூன் ஒருவர், பள்ளிக்கூடமே போகாதவர், மெல்ல வந்து என் காதில் "ஸாப், குர்ஸி" என்றார். அப்போதுதான் பார்த்தேன். எங்கள் வரிசையில் இருந்தவை கை வைத்த நாற்காலிகள், முதுகு உயரமானவை. அவர்கள் வரிசைக்குப் போதாமல் பக்கத்து அறையிலிருந்து நான் கொண்டுவரச் சொன்னவை கை இல்லாத சாதாரண நாற்காலிகள். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. சின்ன தேசத்திலிருந்து வந்தவர் "எனக்குக் கை வைத்த நாற்காலி கொடுங்கள்" என்று கேட்டால் அவர்தான் அற்பமானவராகத் தெரிவார்.

"முதலில் டீ சாப்பிடலாமே" என்று எல்லோரையும் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனேன். திரும்பி வருவதற்குள் அந்தப் பியூன் எல்லாக் கை நாற்காலிகளையும் அப்புறப்படுத்திவிட்டு, இரண்டு பக்கமும் கை இல்லாதவையாகவே போட்டு வைத்திருந்தார். தலைவர் ஒரு தடவை நாற்காலிகளைப் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார், உட்கார்ந்தார். பேச்சு இரண்டு நாளில் சுமுகமாக முடிந்தது. முதுகு வலிக்கு எங்கள் மேலதிகாரி என்னைத் திட்டினார் என்பது வேறு விஷயம்.

இப்போதும் இது நடக்கிறது. 2021 ஏப்ரலில் ஐரோப்பிய யூனியன் தலைவர்கள் இருவர் துருக்கி அதிபரைப் பார்க்க அங்காரா போனார்கள். அறையில் பெரிய நாற்காலி இரண்டே இரண்டு. அதிபர் ஒன்றில் உட்கார்ந்தார், சார்லஸ் மிஷேல் மற்றதில் உட்கார்ந்தார். உர்சுலா வான் டெர் லேயன் அம்மையார் நின்று பார்த்துவிட்டுத் தள்ளிக் கிடந்த சோபாவுக்குப் போனார். அன்று பேசிய விஷயம் என்ன என்பது இன்று ஒருவருக்கும் ஞாபகமில்லை, சோபா ஞாபகம் இருக்கிறது. மறு வருஷம் பிப்ரவரியில் ரஷ்ய அதிபர் புடின், பிரெஞ்சு அதிபர் மக்ரோனைச் சுமார் 6 மீட்டர் நீள வெள்ளை மேஜையின் மறுகோடியில் உட்கார வைத்தார். காரணம் கொரோனா பரிசோதனை என்றார்கள். அந்த மாதக் கடைசியிலேயே உக்ரைன் யுத்தம் ஆரம்பித்தது.

ஆசனத்தை வைத்துச் சூது செய்வது நமக்குப் புதிதல்ல. பாண்டவர்களுக்காகத் தூது போன கண்ணனை உட்கார வைக்க, கீழே நிலவறை தோண்டி மேலே பொய் ஆசனம் போட்டான் துரியோதனன் என்று வில்லிபாரதத்தில் வருகிறது. காஞ்சிபுரத்தில் பாண்டவ தூதர் சந்நிதிக்குப் போனவர்கள் சுமார் 25 அடி உயரத்தில் பெருமாள் உட்கார்ந்த திருக்கோலத்தை ஸேவித்திருப்பீர்கள். அந்தப் பொய் ஆசனத்தில் உட்கார்ந்து எடுத்த விசுவரூபம் என்பது ஐதீகம். கௌடில்யர் கதை சொல்பவர் அல்ல, நிர்வாகி. அவர் அர்த்தசாஸ்திரத்தில் தூதனுக்குச் சொல்லும் யோசனைகளில், எதிரி ராஜா தனக்குப் பக்கத்தில் ஆசனம் கொடுக்கிறானா என்று கவனி என்பதும் ஒன்று. முகத்தைப் பார், பேச்சைப் பார், ஆசனம் எங்கே போட்டிருக்கிறது என்றும் பார்.

கார்லோவிட்ஸ் என்று ஒரு ஊர், இன்று செர்பியாவில் இருக்கிறது. துருக்கி சுல்தானுக்கும் ஆஸ்திரியா, போலந்து, வெனிஸ் முதலிய ராஜ்யங்களுக்கும் 1699 ஜனவரி 26ல் அங்கே சமாதானம் ஆயிற்று. யார் முதலில் உள்ளே நுழைவது என்ற தகராறு வராமலிருக்கப் பேச்சு நடந்த கூடத்துக்கு நாலு வாசல் வைத்தார்கள் என்கிறார்கள். அந்த இடத்தில் பிற்பாடு கட்டிய மாதா கோவிலுக்கும் நாலு வாசல் வைத்திருக்கிறார்கள். நான் முதலில் சொன்ன பியூன் அங்கே இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்.

கொடி விஷயத்துக்கு வருகிறேன். கொரியாவில் பான்முன்ஜாம் என்ற இடத்தில் வடக்கும் தெற்கும் சந்திக்கும் நீல நிறக் கொட்டகைகள் இருக்கின்றன. எல்லைக்கோடு அறைக்கு நடுவில், மேஜைக்கு நடுவிலேயே ஓடுகிறது. மேஜையைச் சுற்றி வந்தால் வேறு தேசம். அந்த மேஜையில் வைத்த சின்னக் கொடிகளை ஒருவரைவிட ஒருவர் பெரிதாக்கிக்கொண்டே போய், கடைசியில் கொடியின் அளவை முடிவு செய்யவே தனியாக உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. வெளியே அந்த மாதிரி ஒப்பந்தம் இல்லை. தெற்கு சுமார் 100 மீட்டருக்குக் கொடிக்கம்பம் நட்டது, வடக்கு 160 மீட்டருக்கு நட்டது.

நாம் சிரிக்கக் கூடாது. 2017 மார்ச்சில் அட்டாரியில் நாம் 360 அடிக் கம்பம் நட்டோம். அதே ஆகஸ்டில் பாகிஸ்தான் வாகாவில் 400 அடிக்கு நட்டது. 2023 அக்டோபரில் நாம் 418 அடிக்கு உயர்த்தினோம். முதல் கொடி காற்றில் அடிக்கடி கிழிந்துபோயிற்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் துணி மேல் விழும் அழுத்தம் நாலு மடங்காகும், எட்டாம் வகுப்புப் பையன் சொல்வான். காற்றுக்கு தேசபக்தி தெரியாது.

அடுத்தது பரிசுப் பொருள். நம் சென்னைக்குச் சம்பந்தப்பட்ட ஒருவர் கதை. 1781 முதல் 1785 வரை சென்னை கவர்னராக இருந்த மெகார்ட்னி பிரபுவை 1792ல் இங்கிலாந்து ராஜா சீனாவுக்குத் தூது அனுப்பினார். வியாபாரத்துக்கு வாசல் திறக்க வேண்டும் என்பது நோக்கம். சுமார் 600 மூட்டை முடிச்சுகளுடன் போனார். கிரகங்கள் சுழல்வதைக் காட்டும் ஒரு பெரிய யந்திரம், டெலஸ்கோப்புகள், பீரங்கிகள், அழகான கோச்சு வண்டிகள். எங்கள் விஞ்ஞானத்தைப் பார்த்து அசந்துபோவார்கள் என்று கணக்குப் போட்டார்கள்.

சீனர்கள் அவர் போன படகுகளில் கொடி கட்டினார்கள். அதில் "இங்கிலாந்திலிருந்து கப்பம் கொண்டுவரும் தூதர்" என்று எழுதியிருந்தது. மெகார்ட்னிக்கு அது தெரியும், தெரியாத மாதிரி இருந்துவிட்டார். கோச்சு வண்டியைப் பிரித்துச் சேர்த்ததும் அரண்மனை அதிகாரிகள் திடுக்கிட்டார்கள். முன்னால் உயரத்தில், வேலைப்பாடு மிகுந்த அந்த ஆசனம் சக்கரவர்த்திக்குத்தானே என்று கேட்டார்கள். இல்லை, அது வண்டிக்காரனுக்கு, சக்கரவர்த்தி பின்னால் பெட்டிக்குள் உட்காருவார் என்றார்கள். சக்கரவர்த்திக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவரைவிட உயரத்தில் ஒரு வண்டிக்காரனா! லண்டனில் வண்டி செய்தவனுக்கு இது தோன்றியிருக்க நியாயமில்லை. ஆனால் தூது போகிறவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

1793 செப்டம்பர் 14ல் தரிசனம் நடந்தது. மூன்று தடவை மண்டியிட்டு ஒன்பது தடவை தலையைத் தரையில் தொடும் நமஸ்காரத்துக்கு மெகார்ட்னி ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு முழங்காலை மட்டும் மடித்தார். சக்கரவர்த்தி சியென்லுங் ஒரு ஜேட் செங்கோலைக் கொடுத்தார். சீனர்களுக்கு அது மங்கலப் பொருள், மெகார்ட்னிக்கு அது அவ்வளவாக விலைபெறாத கல்லாகத் தெரிந்தது. உங்கள் நாட்டுச் சாமான்கள் எங்களுக்குத் தேவையில்லை என்ற பொருளில் சக்கரவர்த்தி பதில் எழுதி அனுப்பினார். 1860ல் ஆங்கிலப் படையும் பிரெஞ்சுப் படையும் பீக்கிங்கின் கோடை அரண்மனையைச் சூறையாடியபோது, அந்தப் பழைய கோச்சுகளும் பீரங்கிகளும் உபயோகிக்கப்படாமலே அங்கே கிடந்தனவாம்.

பரிசு வாங்குவதிலும் ஜாக்கிரதை வேண்டும். நம் தேசத்தில் பிற நாட்டார் கொடுக்கும் விலை உயர்ந்த பரிசை அதிகாரியோ மந்திரியோ வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, தோஷாகானா என்ற அரசாங்கப் பொக்கிஷ அறையில் சேர்க்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் காலத்துப் பழக்கம் இது. அன்று ஒரு ராஜா கொடுத்த சால்வையை அடுத்த ராஜாவுக்குக் கொடுப்பார்கள். நம் வீடுகளில் வெற்றிலைப் பாக்கோடு வரும் ரவிக்கைத் துண்டு சுற்றி வருவதைப் போலத்தான். மாமிகள் சிரிப்பதிலிருந்து தெரிகிறது.

ஆனால் பரிசுகளில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு மரப் பலகை. 1945 ஆகஸ்ட் 4ந் தேதி மாஸ்கோவில் சோவியத் பள்ளிச் சிறுவர்கள் அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். அமெரிக்க அரசு முத்திரையை, கழுகோடு, அழகாக மரத்தில் செதுக்கிய பலகை. அப்போது இரண்டு தேசங்களும் யுத்தத்தில் ஒரே பக்கம். குழந்தைகள் கொடுத்ததை யார் மறுப்பார்கள்? தூதர் அதைத் தம் வீட்டுப் படிப்பறையில் மாட்டினார். ஏழு வருஷம் அது அங்கே தொங்கியது. நாலு தூதர்கள் அதன் கீழே உட்கார்ந்து ரகசியம் பேசினார்கள்.

அதற்குள் ஒலிவாங்கி இருந்தது. சோதனை போட்டவர்களுக்கு அகப்படாததன் காரணம் பௌதிகம். அதில் பாட்டரி இல்லை, கம்பி இல்லை, வால்வு இல்லை. ஒரு சின்னச் செம்பு டப்பா, அதன் வாயில் மிக மெல்லிய தகடு, கூடவே ஒரு சாண் நீளத்துக்கு ஒரு ஆன்டெனா. சும்மா இருக்கும்போது அது வெறும் உலோகம். வெளியிலிருந்து ரேடியோ அலையை அதன் மேல் பாய்ச்சினால், அறையில் பேசும் பேச்சுக்கு ஏற்பத் தகடு அதிர்ந்து, திரும்பிப் போகும் அலையில் அந்தப் பேச்சு ஏறிக்கொள்ளும். செய்தவர் லியோன் தெர்மின், தொடாமல் வாசிக்கும் வாத்தியம் ஒன்றைக் கண்டுபிடித்த அதே மேதை. உங்கள் கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் இருக்கிறதே, அதிலும் பாட்டரி இல்லை. டோல் கேட்டிலிருந்து வரும் அலையில்தான் அதுவும் உயிர் பெற்றுப் பேசுகிறது. அடுத்த தடவை டோல் கேட்டில் நிற்கும்போது அந்தக் கழுகை நினைத்துக்கொள்ளுங்கள்.

1952ல் கண்டுபிடிக்க என்ன செய்தார்கள் தெரியுமா? அப்போதைய தூதர் ஜார்ஜ் கென்னனை அறையில் உட்கார்ந்து உரக்க ஒரு கடிதம் சொல்லச் சொன்னார்கள். அவர் பேசினால்தானே எதிரி அலையைப் பாய்ச்சுவான்! அவர் பேசப் பேச நிபுணர்கள் தேடிப்போய்ச் சுவரிலிருந்த பலகையைப் பிளந்தார்கள். அமெரிக்கா இதை எட்டு வருஷம் மூடி வைத்திருந்து, 1960 மே மாதம் தன் உளவு விமானத்தை ரஷ்யா சுட்டு வீழ்த்திக் கூச்சல் போட்டபோது ஐக்கிய நாடுகள் சபையில் எடுத்துக் காட்டியது. அதே பலகை முதலில் நட்பின் சின்னம், அப்புறம் உளவுக் கருவி, கடைசியில் சாட்சி.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டுகிறார். ஒன்றே ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். சிம்லாவில் ஆளுநர் மாளிகையில், பழைய பார்ன்ஸ் கோர்ட் கட்டடத்தில், ஒரு மேஜை பாதுகாத்து வைக்கப்பட்டிருக்கிறது. 1972ல் இந்திரா காந்தியும் புட்டோவும் சிம்லா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மேஜை. ஒப்பந்தத்தில் ஜூலை 2 என்று தேதி இருக்கிறது, மேஜையிலுள்ள பலகையில் 3-7-1972 என்று இருக்கிறது. இரண்டும் சரிதான், கையெழுத்தாகும்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. மேஜை மேல் இரண்டு தேசங்களின் சின்னக் கொடிகளும் பல வருஷமாக இருந்தன. 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேரைக் கொன்ற சில நாட்களில், சிம்லா ஒப்பந்தத்தை நிறுத்தி வைக்கத் தனக்கு உரிமை உண்டு என்று பாகிஸ்தான் சொன்னது. அதற்கு மறுநாள் பார்த்தபோது மேஜையில் பாகிஸ்தான் கொடி இல்லை.

பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்தேன். மேஜையில் நம் கொடி ஒன்று மட்டும் இருந்தது. நாற்காலிகளை யாரும் எடுக்கவில்லை, இரண்டு பக்கமும் அப்படியே போட்டிருந்தது.

காபி ரெடி என்கிறார்கள். யாருக்கு முதலில் என்று செயலாளர்தான் முடிவு செய்ய வேண்டும்.